முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு அறவிடட்டும்: உயிர்த்த ஞாயிறு நட்டஈட்டுத் தீர்ப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி 12-ஆம் திகதி இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் பற்றிய அடிப்படை உரிமை மனுக்களில் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும், அதுவும் சொந்தப் பணத்தில். முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர 7.5 கோடி, அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தன 7.5 கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடி. கூட்டினால் 31 கோடி ரூபா. அரசு கட்ட வேண்டியது 10 லட்சம்.

பத்திரிகைகள் எல்லாம் அந்த 10 கோடியைத்தான் தலைப்பில் போட்டன. நாட்டின் தலைவராக இருந்த ஒருவரைக் கூப்பிட்டு உன் பையிலிருந்து எடுத்துக் கட்டு என்று ஒரு நீதிமன்றம் சொல்வது தெற்காசியாவில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி 10 லட்சம். பயங்கரவாதத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு நட்டஈடு கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, பார்க்கப்போனால், இந்தத் தீர்ப்பு ஒரு சுற்றுவழியில் போய்விட்டது. தவறு செய்த ஆட்களைப் பிடித்தது, அரசை ஓரமாக நிற்க விட்டது. என் கட்சி இதுதான்: முழுத் தொகையையும் அரசு முதலில் கொடுத்திருக்க வேண்டும், அப்புறம் அந்த ஐந்து பேரிடமிருந்து அறவிட்டிருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

யாருக்கு என்ன தெரிந்திருந்தது

2019 ஏப்ரல் 21 காலை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்கள், இவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. பிறகு தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும். இறந்தவர்கள் 260-க்கும் மேல், காயமடைந்தவர்கள் 500 அளவில். கட்டுவாப்பிட்டியவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள்.

இது வானத்திலிருந்து விழுந்த இடி அல்ல, நட்டஈட்டுக் கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 4-ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தகவல் வந்துவிட்டது: தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமின் பெயர், தற்கொலைத் தாக்குதல் திட்டம், தேவாலயங்கள் இலக்கு. 7-ஆம் திகதி நிலந்த ஜயவர்தன அதை சிசிர மெண்டிஸுக்கு எழுதினார். 9-ஆம் திகதி மெண்டிஸ் பொலிஸ் மா அதிபருக்கு எழுதினார். 11-ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர், அமைச்சர்கள், நீதிபதிகள், தூதரகங்கள் போன்றோரின் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவுகளுக்குக் கடிதம் அனுப்பினார். 16-ஆம் திகதி காத்தான்குடிப் பக்கம் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது, ஒத்திகை. 20-ஆம் திகதி மறுபடியும் எச்சரிக்கை. கடிதம் மேசை மேசையாக நடந்தது, தேவாலயக் கதவுக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. அமைச்சர்களின் மெய்க்காவலர்களுக்குத் தெரிந்த விஷயம் பங்குத்தந்தைக்குத் தெரியாது.

இதற்கு முன்னாலும் தடயங்கள் இருந்தன. 2018 நவம்பர் 30-ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் காவல் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். உடனே பழி முன்னாள் புலி உறுப்பினர்கள் மீது விழுந்தது, ஒருவரைப் பிடித்து அடைத்தும் வைத்தார்கள். அதைச் செய்தது ஸஹ்ரானின் ஆட்கள் என்பது ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருள் குவியல் பிடிபட்டது. போதாக்குறைக்கு, 2018 ஒக்டோபரில் சிறிசேன பிரதமரை நீக்கியதில் தொடங்கிய அரசியல் குழப்பத்துக்குப் பிறகு பிரதமரையும் பொலிஸ் மா அதிபரையும் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைப்பதே நின்றுபோயிருந்தது. பாதுகாப்பு அமைச்சும் சட்டம் ஒழுங்கும் சிறிசேனவின் கையில். தாக்குதல் நடந்தபோது அவர் சிங்கப்பூரில். தனக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. சொல்லப்படாத ஒரு ஏற்பாட்டை உருவாக்கி வைத்ததே அவர்தானே என்பது நீதிமன்றம் போன வழி.

மனு எப்படி நின்றது

சட்டம் படிக்காதவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருக்கலாம், ஆனால் தவிர்க்க முடியாது. இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை என்று வெளிப்படையாக ஒரு வரி கிடையாது. இத்தனை பேர் இறந்த வழக்கில் உயிர் பறிபோனது என்ற நேரடி வாசகத்தில் போய் நிற்க இடமில்லை. ஆகவே நீதிமன்றம் மீறப்பட்டதாகக் கண்டது இரண்டு உரிமைகளை: சட்டத்தின் முன் சமத்துவமும் சமமான பாதுகாப்பும் என்கிற 12(1), தன் மதத்தை வழிபாட்டில் வெளிப்படுத்தும் சுதந்திரம் என்கிற 14(1)(உ). தேவாலயத்தில் இறந்தவருக்கு இரண்டும் பொருந்தும். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசையில் இறந்தவருக்கு? 12(1) மட்டும்தான்.

இன்னொன்று, இந்த மனுக்களை உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 126-ஆம் உறுப்புரை. பிள்ளையைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் சட்டத்தரணியைத் தேடிப் போக வேண்டும். 12 மனுக்கள் தாக்கலாயின. பெற்றோர், மதகுருமார், சட்டத்தரணிகள் சங்கம் என்று பல தரப்பு. மற்ற நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நீதிமன்றப் படியே ஏறவில்லை. இந்த 12 மனு போடப்படாமல் இருந்திருந்தால் அந்த 31 கோடியும் இல்லை, ஐந்து பேரின் பொறுப்பும் பதிவாகியிருக்காது. ஒரு தேசத்தின் நட்டஈட்டுக் கொள்கை, துக்க வீட்டில் யாருக்குத் தெம்பு இருந்தது என்பதைப் பொறுத்து நிற்கக் கூடாது.

பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது வழக்குப் போட முடியாது என்ற விலக்குரிமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறிசேன பதவியை விட்டு இறங்கிய பிறகுதான் அவரைப் பிரதிவாதியாகச் சேர்க்க முடிந்தது. தாக்குதலின்போது பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவும் பிரதிவாதிதான், ஆனால் 2022-இல் அவர் ஜனாதிபதியானதும் அதே விலக்குரிமையால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒருவர் நாற்காலியை விட்டு இறங்கியதால் மாட்டினார், இன்னொருவர் நாற்காலியில் ஏறியதால் தப்பினார்.

குற்றவியல் வழக்கு வேறு பாதையில் போனது. ஹேமசிறி பெர்னாண்டோவும் பூஜித் ஜயசுந்தரவும் ஆளுக்கு 855 குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டு, 2022 பெப்ரவரியில் கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூவர் ஆயத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சட்டமா அதிபர் மேன்முறையீட்டுக்குப் போனார். ஒரு வருடம் கழித்து அதே இருவரையும் உயர் நீதிமன்றம் கோடிக்கணக்கில் கட்டச் சொல்கிறது. இதில் முரண்பாடு இல்லை. குற்றம் என்று நிறுவத் தேவைப்படும் சாட்சியத்தின் கனம் வேறு, கடமையில் தவறினாய் என்று சொல்ல வேண்டிய அளவு வேறு. ஆனாலும் கட்டுவாப்பிட்டியவில் இருக்கும் ஒரு தாய்க்கு இதை விளங்கப்படுத்திப் பாருங்கள்.

கையில் வந்தது என்ன

தாக்குதல் நடந்த அடுத்த நாட்களிலேயே அரசு ஒரு தொகையை அறிவித்தது: இறந்தவருக்கு 10 லட்சம் ரூபா, ஈமச்சடங்குக்கு அதில் முதலில் 1 லட்சம், காயமடைந்தவருக்குக் காயத்தைப் பொறுத்து 5 லட்சம் வரை. இதை ஒரு நற்பணியாகவே அரசு செய்தது. யாருடைய தவறும் ஒப்புக்கொள்ளப்படவில்லை, எந்த உரிமையும் பேசப்படவில்லை. அன்றைக்கு ஒரு அமெரிக்க டொலர் சுமார் 175 ரூபா, ஆக ஒரு உயிருக்கு ஐயாயிரத்து எழுநூறு டொலர் அளவு. அடக்கச் செலவு, ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, வேலைக்குப் போகாத மாதங்கள் எல்லாம் கழித்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது.

தீர்ப்பு வந்தபோது டொலர் 365 ரூபாவுக்குப் பக்கத்தில். 31 கோடியே 10 லட்சத்தை இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் பகிர்ந்தாலே ஒரு உயிருக்கு 11, 12 லட்சம்தான் வரும், காயமடைந்தவர்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். அதாவது, ஒரு முன்னாள் ஜனாதிபதியையே திணறவைத்த தொகை, வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் மூவாயிரம் டொலர் சொச்சம்.

அதையாவது உடனே கட்டினார்களா? தன்னிடம் அவ்வளவு பணம் இல்லை, நண்பர்களிடம்தான் திரட்ட வேண்டும் என்று சிறிசேன சொன்னார். 2023 நடுப்பகுதியில் 1.5 கோடியைக் கட்டிவிட்டு, மீதி 8.5 கோடியை வருடத்துக்கு 85 லட்சமாக 2033 வரை கட்ட அனுமதி கேட்டார். 2033! 2019-இல் தாயை இழந்த நாலு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குப் பதினெட்டு வயது. 2022-இல் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்ட நாட்டில், பத்து வருடத் தவணை என்பது கடனைக் கட்டுவதா கரைப்பதா என்று கேட்கத் தோன்றுகிறது. நீதிமன்றம் அவ்வளவு காலம் கொடுக்கவில்லை, 2024 ஓகஸ்டில் அவர் முழுத் தொகையையும் கட்டி முடித்தார். சம்பவம் நடந்து ஐந்து வருடத்துக்கு மேல்.

தனி ஆளைத் தண்டிப்பதற்காக உருவான ஒரு கட்டளையின் மேல் பாதிக்கப்பட்டவரின் வாழ்வாதாரத்தைத் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும். அவரிடம் காசு இருக்கிறதா, காணி விற்பாரா, தவணை கேட்பாரா, இடையில் செத்துப்போனால் என்ன என்பதெல்லாம் குடும்பத்தின் கவலையாகிவிடுகிறது. அரசு அன்றைக்கே திறைசேரியிலிருந்து 31 கோடியை நட்டஈட்டைப் பகிர்ந்து கொடுக்கும் இழப்பீட்டுக்கான அலுவலகத்தில் போட்டிருந்தால், பிறகு சிறிசேன 2033 வரை கட்டினாலும் 2043 வரை கட்டினாலும் அது அவருக்கும் திறைசேரிக்கும் இடையிலான கணக்கு. வட்டியோடு அறவிடட்டும், ஓய்வூதியத்தில் பிடிக்கட்டும், வழக்குப் போடட்டும். கடனாளியைத் துரத்துகிற சக்தி அரசுக்கு உண்டு, விதவைக்கு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐந்து பேரின் பெயரைச் சொல்லித் தொகை விதிப்பதால் அரசு என்ற அமைப்பு சுத்தமாகிவிடுகிறது. எச்சரிக்கைக் கடிதம் மேசை மேசையாக நடந்தது ஒருவருடைய சோம்பலால் மட்டும் அல்ல. புலனாய்வும் பொலிஸும் ஒன்றோடொன்று பேசாத அமைப்பு, தமிழர் பகுதியில் ஒரு கொலை நடந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னாள் போராளியைப் பிடிக்கிற பழக்கம், அரசியல் சண்டைக்காகப் பாதுகாப்புச் சபையை முடக்கியது, எல்லாம் சேர்ந்த தோல்வி அது. அமைப்பின் தோல்விக்கு 10 லட்சம் என்று விலை போட்டால் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் யாருக்கும் வலிக்காது. இது பெரிய தீர்ப்புத்தான். ஆனால் யார் எவ்வளவு என்ற விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மற்ற நாடுகளில்

அமெரிக்கா 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பதினொரு நாளில் சட்டம் போட்டு ஒரு நிதியத்தை உருவாக்கியது. அதை நடத்தியவர் கென்னத் ஃபைன்பேர்க். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெவ்வேறு தொகை. குறைந்தது 2.5 லட்சம் டொலர், கூடியது 70 லட்சத்துக்கும் மேல், சராசரி சுமார் 20 லட்சம். வாங்குகிறவர்கள் விமான நிறுவனங்கள் மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், நிபந்தனை அதுதான். 97 வீதமான குடும்பங்கள் சேர்ந்தன. அந்தச் சட்டத்தின் முதல் கவலையே விமான நிறுவனங்கள் வழக்குகளால் மூழ்கிவிடக் கூடாது என்பது, குடும்பங்களுக்கான நிதியம் அதோடு ஒட்டி வந்தது. 1995-இல் ஒக்லஹோமா குண்டுவெடிப்பில் இறந்த 168 பேரின் குடும்பங்களுக்கு இப்படி ஒரு நிதியம் இருக்கவில்லை. பங்குத் தரகரின் உயிருக்கு ஒரு விலை, பாத்திரம் கழுவியவரின் உயிருக்கு வேறு விலை என்ற ஏற்பாடு ஃபைன்பேர்க்குக்கே பிறகு கசந்துபோனது, எல்லோருக்கும் ஒரே தொகை கொடுப்பதே நல்லது என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

எனக்குப் பிடித்தது பிரான்சின் வழி. 1986-இலேயே பயங்கரவாதத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கென நிரந்தர நிதியம் தொடங்கிவிட்டார்கள். வீடு, வாகனம் போன்ற சொத்துக் காப்புறுதி ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் வருடத்துக்குச் சில யூரோ அறவிடப்பட்டு அதில் சேர்கிறது. தாக்குதல் நடந்தால் நாடாளுமன்றம் கூடி விவாதிக்க வேண்டியதில்லை, யாரும் மனு போட்டுத் தவறை நிரூபிக்கவும் வேண்டியதில்லை. முற்பணம் சில வாரத்தில் போய்விடும். கொடுத்த பணத்தைக் குற்றவாளியிடமிருந்து அறவிடும் உரிமை நிதியத்துக்கு மாறிவிடுகிறது. நான் மேலே சொன்ன ஒழுங்கு இதுவேதான்.

இஸ்ரேல் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாத ஓய்வூதியம் கொடுக்கிறது, போரில் இறந்த படைவீரரின் குடும்பத்துக்குக் கொடுப்பதைப் போல. இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது: மொத்தத் தொகை கைக்கு வந்ததும் உறவினர் வருவார்கள், கடன்காரர் வருவார்கள், தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளையின் பணத்தை யார் வைத்திருப்பது என்று சண்டை வரும். மாதம் மாதம் வருகிற பணம் பிள்ளையோடு சேர்ந்து வளரும். இந்தியாவில் மத்திய அரசின் திட்டம் ஒன்று 2008-இல் 3 லட்சம் இந்திய ரூபாவோடு தொடங்கி 2016-இல் 5 லட்சமானது, மாநிலங்கள் தங்கள் பங்குக்கு அறிவிப்பது தனி. எவ்வளவு அறிவிப்பார்கள் என்பது தேர்தல் எப்போது என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

தவறு என்ற பக்கத்தில் இலங்கைத் தீர்ப்புக்கு நெருங்கிய உறவு பெஸ்லான் வழக்கு. 2004 செப்டம்பரில் ரஷ்யாவின் பெஸ்லான் பாடசாலையில் நடந்த பணயத் தாக்குதலில் 330-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். பாடசாலைத் தொடக்க நாளில் அந்தப் பகுதியில் தாக்குதல் வரும் என்ற தகவல் முன்கூட்டியே இருந்தும் அரசு போதியதைச் செய்யவில்லை என்று 2017 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சொன்னது. 409 மனுதாரர்களுக்கு ஏறத்தாழ 30 லட்சம் யூரோ. கட்டச் சொன்னது ரஷ்ய அரசை. எந்த அதிகாரியின் பையையும் அது தொடவில்லை, ஆகவே எந்த அதிகாரிக்கும் உறைக்கவும் இல்லை. கொழும்பில் ஆட்களைப் பிடித்தார்கள், அரசு நழுவியது. அந்த ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அரசைப் பிடித்தார்கள், ஆட்கள் நழுவினார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

எதிர்வாதங்கள்

அரசு கொடுப்பது என்றால் வரி கட்டுகிறவன் கொடுப்பது, குண்டு வைத்தது அவன் இல்லையே என்பார்கள். சரி. ஆனால் அந்தக் குண்டு வைக்கப்பட்டதும் அந்தக் குடும்பத்துக்கு எதிராக இல்லை. கொச்சிக்கடையில் முழந்தாளிட்டிருந்தவர்மீது ஸஹ்ரானின் ஆளுக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. நாட்டைத் தாக்க நினைத்தவன் கைக்கு எட்டியவரைத் தாக்கினான். எல்லோருக்கும் குறி வைத்த அடியைச் சிலர் வாங்கினார்கள், அதன் செலவை எல்லோரும் பகிர்வதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கடினமானது அடுத்த கேள்வி. பேருந்து மோதிச் செத்தவன், குடும்பச் சண்டையில் குத்துப்பட்டவன், இவர்களின் பிள்ளைகளுக்கும் பசிக்கும்தானே? அவர்களுக்கு இல்லாத தனி நிதியம் இவர்களுக்கு ஏன்? இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. 1985-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனம், குற்றவாளியிடமிருந்து கிடைக்காதபோது பாரதூரமான குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு கொடுக்க முயல வேண்டும் என்று பொதுவாகத்தான் சொல்கிறது, பயங்கரவாதத்தைத் தனியாகப் பிரிக்கவில்லை. எல்லாக் கொடிய குற்றங்களுக்கும் ஒரே அடிப்படைத் தொகை இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். அதுவரை பயங்கரவாதத்துக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்போம் என்பது மட்டும் ஒத்துவராது.

இன்னொரு பயமும் உண்டு, அதை லேசாக விட முடியாது. எச்சரிக்கையைத் தவறவிட்டால் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்றால் அதிகாரி என்ன செய்வான்? சந்தேகம் வந்தவனை எல்லாம் உள்ளே போடுவான். தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டதும், பலர் மாதக்கணக்கில் வழக்கில்லாமல் இருந்ததும் நாம் பார்த்ததுதான். நட்டஈட்டுக் கட்டளை ஒரு பக்கம் மட்டும் உறைத்தால் அதிகாரி மறுபக்கம் சாய்வான். ஆகவே தவறவிட்டதற்குக் கட்டுகிறவன், காரணமில்லாமல் அடைத்து வைத்ததற்கும் கட்ட வேண்டும். வவுணதீவுக் கொலைக்காகப் பிழையாக அடைக்கப்பட்ட அந்த மனிதரும் இதே தாக்குதலின் கணக்கில் வருகிறவர்தான். 2019 மே மாதம் குளியாப்பிட்டிய, மினுவாங்கொடைப் பக்கம் எரிக்கப்பட்ட முஸ்லிம் கடைகளும் அப்படியே.

ஒரே மாவட்டத்தில் மூன்று கணக்கு

மட்டக்களப்பு நகரத்திலிருந்து சில கிலோமீற்றருக்குள் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள்: தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். 1990 செப்டம்பர் 9, சத்துருக்கொண்டான்: பெண்களும் பிள்ளைகளுமாக 180-க்கும் மேற்பட்ட தமிழர்களைப் படையினரும் அவர்களோடு இருந்தவர்களும் கொன்றதாக உயிர் தப்பியவரின் சாட்சியம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயம். அரசின் அகராதியில் முதலாவதும் மூன்றாவதும் பயங்கரவாதம், இரண்டாவதற்குப் பெயரே கிடையாது. நட்டஈட்டுக்குரியவர் யார் என்பதைப் பயங்கரவாதம் என்ற சொல்லை வைத்து முடிவு செய்தால், அந்தச் சொல்லைக் கையில் வைத்திருப்பவரின் கொலைகள் எப்போதும் வெளியே நிற்கும்.

இதே இழப்பீட்டுக்கான அலுவலகம்தான், 2018-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களையும் பார்க்கிறது. அவர்களுக்கு 2022-இல் அமைச்சரவை முதலில் 1 லட்சம் என்று சொன்னது, பிறகு 2 லட்சமாக்கியது. ஒரே அலுவலகம், ஒரு பக்கம் 10 லட்சம், மறுபக்கம் 2 லட்சம். 2017-இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரக் கொட்டகைகளில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் பலர் அதையும் வேண்டாம் என்றார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டோம், காசு கேட்கவில்லை என்பது அவர்களின் பதில்.

அவர்களின் மறுப்பை நட்டஈடே கூடாது என்பதற்கான வாதமாகச் சிலர் எடுத்துப் பேசுகிறார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. மரணச் சான்றிதழோ, காணாமற்போனமைக்கான சான்றிதழோ, எதையாவது ஒன்றை எடுத்தால்தான் பணம் என்ற இடத்தில், பணத்தை வாங்குவது விசாரணையைக் கைவிடுவது போல ஆகிவிடுகிறது. அவர்கள் மறுப்பது அந்த முடிச்சை. உயிர்த்த ஞாயிறு குடும்பங்களும் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் பணம் வந்த பிறகும் சூத்திரதாரி யார் என்று விடாமல் கேட்கிறார்கள். கேட்க முடிகிறது, ஏனென்றால் அந்தப் பணத்தை வாங்க எதிலும் கையெழுத்துப் போட்டு உரிமையை விட வேண்டியிருக்கவில்லை. இந்த விஷயத்தில் அமெரிக்க நிதியத்தைவிட இலங்கை நல்ல இடத்தில் நிற்கிறது.

ஒரு சட்டம் எழுதினால்

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அடிப்படைத் தொகை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், குண்டு வெடித்த மறுநாள் அமைச்சரவை மேசையில் தீர்மானிக்கப்படக் கூடாது. கொன்றவர் யார் என்பது அந்தத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. காயமடைந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகை போதாது, உடம்பில் இரும்புத் துண்டோடு வாழ்கிறவருக்கு இருபதாம் வருடமும் சத்திரசிகிச்சை வரும். சம்பாதித்தவரை இழந்த வீட்டுக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் படிப்பு முடியும்வரை மாதக் கொடுப்பனவு, அது விலைவாசியோடு ஏற வேண்டும். 2019-இன் 10 லட்சம் 2023-இல் என்னவானது என்று பார்த்த பிறகும் நிலையான எண்ணை எழுதுவது அறிவீனம்.

அரசின் தவறு என்று பிறகு நிரூபணமானால் அது இரண்டாவது கணக்கு. நீதிமன்றம் தொகையைச் சொன்னதும் திறைசேரி முப்பது நாளில் கட்ட வேண்டும். அதன் பிறகு அதிகாரியிடம் எவ்வளவு அறவிடுவது என்பது தனி விசாரணை, அதில் பதவி விலக்குரிமை குறுக்கே நிற்கக் கூடாது. ஒரு மாதக் கெடுவை இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இரண்டு வருடமாவது ஆக்க வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கைக் கடிதம் எந்த மேசையில் கிடந்தது என்பதே பாராளுமன்றத் தெரிவுக்குழு, ஜனாதிபதி ஆணைக்குழு எல்லாம் உட்கார்ந்து 2021 வரைக்கும் தோண்டியெடுத்த விஷயம்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும், வங்குரோத்தான நாடு என்பார்கள். வாகனக் காப்புறுதி இல்லாமல் இந்த நாட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட வீதியில் இறங்க முடியாது. ஒவ்வொரு காப்புறுதிப் பத்திரத்திலும் வருடத்துக்கு 50 ரூபா வைத்தாலே, 31 கோடிக்கு 62 லட்சம் பத்திரங்கள் போதும். பதிவான வாகனங்களின் எண்ணிக்கை அதைவிடக் கூட.